முதலில் நிலத்தைக் கேட்காதீர்கள்

காஞ்சிபுரத்தில் பொதுத் தோட்டம் போடப் புறப்பட்டிருக்கும் இளைஞர்களுக்கும் மகளிர் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே, குழுவில் இருக்கும் அக்காமார்களே,

பூங்காவுக்கென்று ஒதுக்கிக் கம்பிவேலி போட்டதோடு மறந்துபோன மனைத்துண்டு, பள்ளிக்கூடத்தின் பின்சுவருக்கும் தெருவுக்கும் நடுவே கிடக்கும் சந்து, குப்பை கொட்டிக் கொட்டி மேடாகிவிட்ட தெருமுனை என்று நீங்கள் ஊரெல்லாம் சுற்றி இடம் பார்த்துக்கொண்டிருப்பது தெரியும். மனு தயாராகிவிட்டது என்றும் கேள்விப்பட்டேன். “கீழ்க்கண்ட இடத்தை எங்களுக்கு ஒதுக்கித் தருமாறு” என்று அது தொடங்குகிறதாம். அந்த மனுவைக் கொடுப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

நம் ஊரில் நிலம் கேட்டு வருகிறவரைப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரு கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். வேகவதி ஆற்றை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று பார்த்தவர்கள் அதிகாரிகள். கோயில் மனைக்கு வாடகை பாக்கி, குளக்கரையில் கடை, கால்வாய்மேல் படிக்கட்டு என்று கோப்பு கோப்பாகப் பார்த்துச் சலித்தவர்கள். நீங்கள் கீரை போடத்தான் கேட்கிறீர்கள் என்பதை அவர்கள் எப்படி நம்புவார்கள்? நாளைக்கு அங்கே ஒரு கொட்டகை முளைக்கும், அதற்கடுத்து ஒரு சங்கப் பலகை வரும் என்றுதான் தோன்றும். தவிர, மனம் இருந்தாலும் கொடுப்பது அவர்கள் கையில் இல்லை. கோயில் நிலத்தை 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விட ஆணையரின் ஒப்புதல் வேண்டும். இல்லாவிட்டால் குத்தகையே செல்லாது என்கிறது 1959-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம். செயல் அலுவலர் உங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு “பார்க்கலாம்” என்பார். அந்தப் “பார்க்கலாம்” எத்தனை ஆடிப்பட்டம் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அதனால் முதல் சந்திப்பில் நிலத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவர்களுக்குத் தொந்தரவாக இருக்கும் ஏதாவது ஒன்றைக் கேளுங்கள். உதாரணமாக, பூ.

வரதராஜப் பெருமாள் கோயில், ஏகாம்பரநாதர் கோயில், காமாட்சியம்மன் கோயில் என்று மூன்று பெரிய கோயில்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும், ஒரு விசேஷ நாளைக்கு மறுநாள் காலை கழித்துப் போடும் மாலையும் துளசியும் கூடை கூடையாக இருக்கும். 2019-ல் அத்திவரதர் வெளியே வந்து தரிசனம் தந்த 48 நாள்களில் இந்த ஊர் பார்த்த குப்பையை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். சாதாரண நாளிலும் அந்தப் பூவை என்ன செய்வது என்பது கோயில் பணியாளர்களுக்குத் தலைவலிதான். சாமிக்குச் சாத்தியதைச் சாக்கடையில் கொட்ட மனம் வராது, வைத்துக்கொள்ளவும் முடியாது. “வாரத்தில் இரண்டு நாள் நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம்” என்று போய் நில்லுங்கள். கதவு திறக்கும்.

ஆனால் பூவை வாங்கி வந்து குழியில் கொட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். வாழைநாரில் தொடுத்த மாலை மொத்தமும் மக்கும். இப்போது வருகிற மாலைகளில் பாதிக்குமேல் நைலான் நூல். நடுநடுவே ஜிகினா, பிளாஸ்டிக் மணி, வெள்ளித்தாள் ஒட்டிய குஞ்சம். மாலையை ஒரு பலகையில் நீளமாகப் போட்டு, மேல்முடிச்சைக் கத்தரித்து, நூலின் ஒரு முனையைப் பிடித்து உருவ வேண்டும். ரோஜாவும் சாமந்தியும் கழன்று விழும். சம்பங்கி கொஞ்சம் பிடிவாதம் செய்யும். குஞ்சத்தைக் கையால்தான் பிய்க்க வேண்டும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் ஒரு கூடையைப் பேசிக்கொண்டே முடித்துவிடலாம்; தனியாக உட்கார்ந்தால் மூன்றாவது மாலையிலேயே அலுத்துப்போகும். பூவில் ஈரம் அதிகம் என்பதால் காய்ந்த இலையைப் பாதிக்குப் பாதி சேர்க்காவிட்டால் இரண்டே நாளில் நாற ஆரம்பித்து, பக்கத்து வீட்டுக்காரர் மாநகராட்சிக்குப் போன் போட்டுவிடுவார். உங்களுக்கு வரும் முதல் எதிர்ப்பு அதுவாகத்தான் இருக்கும். காய்ந்த இலைக்குத் தூய்மைப் பணியாளர்களிடம் சொல்லி வையுங்கள். பெருக்கிக் குவிக்கும் சருகைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்களுக்கும் சுமை. ஆக, கோயிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கூட்டாளியும் தானாக வந்து சேர்ந்துவிடுகிறார். அவர்களுக்குத் திருப்பித் தருவதற்கு உங்களிடம் ஏதாவது இருக்கட்டும். வாரம் ஒருமுறை ஒரு கட்டு கீரை, வெயிலில் உட்கார ஒரு நிழல், குடிக்க ஒரு பானைத் தண்ணீர்.

கோயிலுக்கும் திருப்பித் தர வேண்டும். துளசி தரலாம். வேலியோரம் மந்தாரை வைத்தால் இன்னும் நல்லது. வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலை வைத்து வேகிற இட்லி. அந்த இலை எங்கிருந்தோ வரவேண்டியிருக்கிறது. நம் தெருவிலிருந்து ஒரு கட்டு இலை மடைப்பள்ளிக்குப் போனால், அடுத்த முறை செயல் அலுவலர் அறையில் உங்களை நிற்க வைத்துப் பேச மாட்டார்கள். பூவிருந்தவல்லியில் நந்தவனம் வைத்து, அங்கிருந்து பூக் கொண்டுவந்து வரதருக்குச் சாத்தியவர் திருக்கச்சி நம்பி என்று வைணவர்கள் சொல்வார்கள். தோட்டத்துக்கும் கோயிலுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் இந்த ஊருக்குப் பழகிய சங்கதிதான்.

அடுத்தது நெசவாளர்கள். இங்கேதான் வெளியூரிலிருந்து வரும் தொண்டு நிறுவனக்காரர்கள் சறுக்குவார்கள். “ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு எல்லோரும் வந்து மண்வெட்டி பிடியுங்கள்” என்று துண்டுச்சீட்டு அடித்துப் பிள்ளையார்பாளையத்தில் கொடுத்தால் யாரும் வர மாட்டார்கள். சோம்பேறித்தனம் இல்லை. நெசவுக்குக் கூலி புடவைக் கணக்கு. தறியை விட்டு எழுந்தால் அன்றைய நெசவு அவ்வளவுக்குக் குறையும். அதிலும் கோர்வைப் புடவை என்றால் தறியில் இரண்டு பேர் வேண்டும். கரைக்குத் தனி நாடா ஓட வேண்டும். ஒருவர் எழுந்தால் இருவர் வேலையும் நிற்கும். இன்னொரு விஷயம், நாள் முழுக்கக் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவரிடம் போய்க் குனிந்து களை பிடுங்கச் சொல்வது கொஞ்சமும் இரக்கமில்லாத காரியம்.

அவர்களிடம் வேறு கேளுங்கள். கண் மங்கித் தறியை விட்டு இறங்கிய பெரியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். மெல்லிய பட்டிழையை ஆயிரக்கணக்கில் பிணைத்த விரல்கள் அவை. பீர்க்கனுக்கும் புடலைக்கும் பந்தல் கட்ட அவர்களைக் கூப்பிடுங்கள். எந்த இடத்தில் இறுக்க வேண்டும், எந்த இடத்தில் விட்டுப்பிடிக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்கள் கட்டிய பந்தல் காற்றுக்கும் மழைக்கும் நிற்கும். அதோடு, காலையிலும் மாலையிலும் தோட்டத்தில் யாராவது ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்பது பெரிய காவல். ஆடும் மாடும் வராது. பீர் பாட்டிலும் வராது. தெருவில் பாவு நீட்டும் வீடுகளுக்கு நிழல் வேண்டும், ஆனால் தாழ்ந்த கிளை ஆகாது. மரம் வைக்கும்போது அவர்களைக் கேட்டு வைத்தால் நாளைக்கு அரிவாள் எடுக்க மாட்டார்கள். பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் நோட்டீஸ் பலகை இருக்கிறது, கூலி நாளன்று உறுப்பினர்கள் வந்து போகிறார்கள். உங்கள் அறிவிப்பை ஒட்ட அதைவிடப் பொருத்தமான சுவர் இந்த ஊரில் கிடையாது. வாட்ஸ்அப் குழு அதற்கு அப்புறம் தொடங்கலாம்.

நெசவைச் சொன்னதால் சாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சாயக் கழிவும் சாக்கடையும் கலந்த நீர் ஓடும் இடத்தருகே தோட்டம் போட நேர்ந்தால், முதல் வேலை மண்ணையும் நீரையும் பரிசோதிப்பது. வேகவதிக் கரையாக இருந்தாலும் சரி, மஞ்சள்நீர்க் கால்வாய் ஓரமாக இருந்தாலும் சரி. கன உலோகங்களை அதிகம் இழுப்பது இலைக்காய்கறிகள். நாம் ஆசையாய் முதலில் போடுவதும் கீரைதான். வேளாண் துறையின் மண் பரிசோதனைக் கூடத்திலோ காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டு, ஈயமும் காட்மியமும் எங்கே பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமான மண் அட்டை தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து போன்ற பயிர்ச்சத்துகளோடு நின்றுவிடும், அதை நம்பி இறங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் அந்த இடத்தில் பூச்செடியும் மரமும் வையுங்கள். சாப்பிடுகிற எதையும் போடாதீர்கள். குழந்தைகள் சாப்பிடும் கீரையில் விளையாட்டு வேண்டாம்.

பள்ளிக்கூடத்தைக் கூட்டாளியாகச் சேர்ப்பது எளிது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பசுமைப் படை இருக்கிறது, நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது, சத்துணவுக் கூடம் இருக்கிறது, 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் இருக்கிறது. முருங்கைக்கீரை ஒரு கை கூடுதலாக விழுந்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. எல்லாம் சரி. மே மாதம் என்ன செய்வீர்கள்? ஜூனில் பிள்ளைகளை வைத்து நட்டு, ஜனவரியில் படம் எடுத்து, ஏப்ரலில் பள்ளி மூடியதும் கத்தரி வெயிலில் கருகிப்போன பள்ளித் தோட்டங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆசிரியையாக இருந்தவள் சொல்கிறேன், பிள்ளைகள்மேல் குற்றமில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் மிகவும் தேவைப்படும் அந்த 6 வாரத்தில்தான் அந்தக் கூட்டாளி ஊரிலேயே இருப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு கூட்டாளியிடமும் என்ன தருவீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், எந்த மாதம் இருக்க மாட்டீர்கள் என்று கேளுங்கள். பள்ளிக்கு மே. கோயிலுக்குப் பங்குனி உத்திரமும் வைகாசிப் பிரம்மோற்சவமும். நெசவாளர்களுக்கு முகூர்த்த மாதங்களுக்கு முந்தைய வாரங்கள். மழைக்காலத்தில் யாருமே வர மாட்டார்கள். தண்ணீர் ஊற்றத் தேவையில்லை என்றாலும் வடிகால் அடைப்பெடுக்க ஆள் வேண்டும். இதையெல்லாம் ஒரு காலண்டரில் குறித்துப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் அடுத்த கூட்டாளியைத் தேட வேண்டும். பெரிய பெயராகப் பார்த்துத் தேடுவதில் பயன் இல்லை.

இத்தனை கூட்டாளிகளை வைத்துத் தோட்டத்தை நடத்துவது எப்படி என்பதற்கு, இப்போது உத்திரமேரூருக்கு வருகிறேன். நம் ஊரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். குடவோலைக் கல்வெட்டு என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்திருப்பீர்கள். தேர்தல் காலத்தில் எல்லா மேடையிலும் அதை இழுப்பார்கள். அந்தக் கல்வெட்டைத் தோட்டக்காரர்கள் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. முதலாம் பராந்தகன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டியவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடும்புக்கு ஒருவராக 30 பேரைக் குடத்து ஓலையில் எடுத்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்க வைத்தார்கள். 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம் (ஆண்டு வாரியம்), 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம்.

கவனியுங்கள், ஏரிக்கு 6 பேர், தோட்டத்துக்கு 12 பேர்! சம்வத்சர வாரியம்தான் மதிப்பில் பெரியது. ஆனால் அதற்குத் தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்பு இருந்து பழகியவர்களையும் வயதிலும் கல்வியிலும் மூத்தவர்களையும் எடுத்தார்கள். 360 நாள் ஆனதும் இறங்கிவிட வேண்டும். கடந்த 3 ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்தில் போகாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும் போகாது. அவரோடு நின்றதா? சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், தாய்மாமன், மாமனார், மருமகன் என்று அவருடைய உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகப் பட்டியல் போட்டு அவர்களுக்கும் தடை. கணக்கு எழுதுகிறவர் தன் கணக்கை ஒப்படைத்துச் சரியென்று ஆன பிறகுதான் மறுபடி எழுத முடியும். தவறு செய்தவர் என்று தெரிந்தால் நடுவிலேயே நீக்கலாம். முதல் கல்வெட்டில் 30 முதல் 60 வரை என்று இருந்த வயதை, இரண்டே ஆண்டில் 35 முதல் 70 வரை என்று மாற்றியிருக்கிறார்கள். விதி வேலை செய்யவில்லை என்றால் கல்லில் வெட்டியதைக்கூடத் திருத்தலாம் என்று அன்றே தெரிந்திருக்கிறது.

இதில் ஒன்றையும் மறைக்கக் கூடாது. அது அந்தணர் ஊர்ச்சபை. வரி கட்டும் நிலம் கால் வேலிக்குமேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். பெண்களுக்கு இடமில்லை, தோட்டத்தில் உண்மையில் மண் கொத்தியவருக்கும் இடமில்லை. அதை மக்களாட்சி என்று தூக்கிக் கொண்டாடுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனால் பதவிக்காலமும் கணக்கும் உறவுத்தடையும் எல்லா வகைக் கூட்டத்துக்கும் பொருந்தும். யார் உள்ளே வரலாம் என்ற பகுதியை மட்டும் நாம் தலைகீழாக எழுத வேண்டும்.

எழுதுவதற்கு நோட்டு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அக்காமார்களே. 1989-ல் தருமபுரியில் தொடங்கிய சுயஉதவிக் குழு இயக்கம் நம் பெண்களுக்குக் கடனோடு சேர்த்து ஒரு பழக்கத்தையும் கொடுத்தது. தீர்மானப் புத்தகம் எழுதுவது, வந்தவர் கையெழுத்து வாங்குவது, சேமிப்பையும் கடனையும் எல்லோர் முன்னாலும் வாசிப்பது. கேரளத்தில் 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் பெண்கள் இந்தப் பழக்கத்தை வைத்துத்தான் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கூட்டாகப் பயிர் செய்யும் அளவுக்கு வந்தார்கள். தோட்டத்துக்கும் ஒரு தனி நோட்டுப் போடுங்கள். கோயிலிலிருந்து எத்தனை கூடைப் பூ வந்தது, எத்தனை கட்டு இலை போனது, மோட்டாருக்குக் கரன்ட் பில் எவ்வளவு, அதை யார் கட்டினார், சாவி இந்த வாரம் யாரிடம், எல்லாம் அதில் ஏறட்டும். சாவியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பொதுத் தோட்டத்தில் வருகிற சண்டைகளில் பாதி சாவியில் தொடங்கி, மீதி மோட்டாரில் முடியும்.

மாநகராட்சிக்கு எப்போது போவது? இந்த நோட்டில் நாலு மாதக் கணக்கு ஏறிய பிறகு. அதுவரை சாக்குப்பையிலும் தொட்டியிலும், யாருடைய வீட்டு மாடியிலாவது, பள்ளி வராந்தாவிலாவது வளருங்கள். பிறகு நிலத்தைக் கேளுங்கள். பெரிய மனைப்பிரிவு போடுகிறவர்கள் பூங்காவுக்கென்று 10 சதவீத நிலத்தை ஒதுக்கி உள்ளாட்சிக்கு எழுதித்தர வேண்டும் என்பது விதி. நம் ஊரின் புதிய நகர்களில் அப்படி ஒதுக்கிய இடங்கள் இருக்கின்றன. முள்ளுச்செடியோடு இருக்கும் அந்த இடத்தைப் பராமரிக்க மாநகராட்சிக்கே ஆள் வேண்டும். உரிமை அவர்களுடையதாகவே இருக்கட்டும். பராமரிப்பு மட்டும் உங்களுக்கு. 2022 முதல் நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டம் நடக்கிறது. நவம்பர் 1 உள்ளாட்சி நாள். காஞ்சியில் 51 வார்டு. உங்கள் வார்டின் கூட்டத்தில் கோரிக்கையை வைத்து, கூட்டக் குறிப்பில் அது ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். கவுன்சிலர் வீட்டில் பேசி முடிப்பது சுலபம்தான். அடுத்த தேர்தலில் அவர் மாறினால் தோட்டமும் மாறும்.

பட்டுக் கடைக்காரர்கள் பணம் தருவார்கள். தாராளமாகவே தருவார்கள். கூடவே ஒரு பலகையும் தருவார்கள். அது கீரைப்பாத்தியைவிடப் பெரிதாக இருக்கும். வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பலகை, ஒரே அளவு எழுத்து, அகர வரிசையில் எல்லாப் பெயரும், தூய்மைப் பணியாளர் குழுவின் பெயர் உட்பட என்று முதலிலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டால், “இது எங்கள் விதிங்க அண்ணாச்சி” என்று காட்டிவிடலாம். கோபித்துக்கொண்டு போகிறவர் போகட்டும்.

இவ்வளவு பேரைச் சேர்ப்பதால் என்ன லாபம் என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நாலு நண்பர்கள் சேர்ந்தால் சண்டையில்லாமல் சுத்தமாக நடக்குமே என்று. நடக்கும், ஒரு சிக்கல் வரும்வரை. நியூயார்க்கில் 1973-ல் லிஸ் கிறிஸ்டி என்ற பெண்மணியும் நண்பர்களும் பவுரி, ஹூஸ்டன் தெருக்கள் சந்திக்கும் முனையில் குப்பை மனை ஒன்றைத் தோட்டமாக்கினார்கள். மறு ஆண்டு நகராட்சி அதை மாதம் 1 டாலர் வாடகைக்கு விட்டது. அதைப் பார்த்து நகரம் முழுக்க நூற்றுக்கணக்கில் தோட்டங்கள் முளைத்தன. 1999-ல் மேயர் ஜூலியானி அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டதை ஏலம் விடப் புறப்பட்டார். நிலத்துக்கு விலை ஏறியிருந்தது, தோட்டக்காரர்கள் கையில் பட்டா இல்லை. ஏலத்துக்கு முன் கடைசி நேரத்தில் இரண்டு அமைப்புகள் அந்த இடங்களை விலைக்கு வாங்கி மீட்டன. அதில் ஒன்று நடிகை பெட் மிட்லர் தொடங்கியது. அந்தப் பணம் சும்மா வந்துவிடவில்லை. தெருத் தெருவாகத் தோட்டத்தைத் தங்களுடையதாக நினைத்தவர்கள் ஊர்வலம் போய், வழக்குப் போட்டு, பத்திரிகைகளை அழைத்து வந்து அதைப் பெரிய விஷயமாக்கிய பிறகு வந்தது. நம் பக்கத்துச் சென்னையிலும் ஒரு சாட்சி உண்டு. கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த பொதுப்பணித் துறை இடத்தில் ‘நிழல்’ அமைப்பு 2006 வாக்கில் மரப்பூங்கா தொடங்கியது. நிலம் அரசுடையது, உழைப்பு குடியிருப்புவாசிகளும் மாணவர்களும் கொடுத்தது. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், ரயிலில் போனால் செலவும் அதிகமில்லை.

கடைசியாக, பேசச் சங்கடமான ஒன்று. நம் ஊரில் ‘பொது’ என்று எழுதி மாட்டிய இடம் எல்லாம் பொதுவாக இருந்ததில்லை. இன்ன தெருக்காரர் போட்ட தோட்டம் என்று பெயர் வந்துவிட்டால், பக்கத்துக் காலனிப் பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே நின்றுதான் பார்ப்பார்கள். யாரும் துரத்த வேண்டியதில்லை, தாங்களாகவே நின்றுகொள்வார்கள். இதை நல்லெண்ணத்தால் மட்டும் சரிசெய்ய முடியாது. இடம் தேர்ந்தெடுக்கும்போதே இரண்டு தெருவுக்கு நடுவே, இரண்டு பக்கமும் வாசல் வைக்க முடிகிற இடமாகப் பாருங்கள். குழாயை உள்ளே வைக்காமல் இரண்டு பக்கத்தவரும் தொடும் இடத்தில் வையுங்கள். முதல் வாரியத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் சரிபாதி ஆள், அதில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், சாவி வாரம் மாறி வாரம். கேட்டால் “எங்கள் ஊரில் அந்த வேற்றுமையெல்லாம் கிடையாது” என்று யாராவது சொல்வார். அவரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். விதியை மட்டும் மாற்றாதீர்கள். மணிமேகலைக் காப்பியத்தில் பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்கு மணிமேகலை வந்து அமுதசுரபியைக் கையில் எடுப்பது, மன்னன் பொய்கையோடு அமைத்த ஒரு பூம்பொழிலில்தான். அங்கே உண்ண வந்தவர்களிடம் எந்தத் தெரு என்று அவள் கேட்டதாக இல்லை.

விளைச்சலை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு என்னிடம் விடை கிடையாது. வேலை செய்த மணிக்கணக்குக்கு என்றால் தறிக்காரருக்கு ஒன்றும் கிடைக்காது. சமபங்கு என்றால் தினமும் தண்ணீர் ஊற்றுகிறவர் முணுமுணுப்பார். மொத்தத்தையும் அங்கன்வாடிக்கு என்றால் முதல் மாதம் எல்லோரும் கைதட்டுவார்கள், மூன்றாவது மாதம் வெண்டைக்காய் இரவிலேயே காணாமல் போகும். நீங்களே பேசி முடிவெடுங்கள், முதல் காய் காய்ப்பதற்கு முன்னால். காய்த்த பிறகு பேசினால் அது பேச்சாக இருக்காது.

ஆடிப்பட்டத்துக்கு விதை போட வேண்டுமானால், மாசியிலேயே பூக்கூடையோடு கோயில் வாசலுக்குப் போயிருக்க வேண்டும். எரு மக்க அவ்வளவு நாள் ஆகும். மனிதர்கள் பழகவும்.

அன்புடன்,
பக்கத்துத் தெரு டீச்சர்

பி.கு.: முருங்கை வைப்பதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். மேலே மின்கம்பி போனால் வேண்டாம். அது சீக்கிரம் வளரும், லேசான காற்றுக்கே முறியும், மின்வாரியத்து ஆட்கள் வந்து மொட்டையடித்துவிட்டுப் போவார்கள். அப்புறம் அவர்களையும் கூட்டாளியாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.